எல்லை ஷெரீப்பும் சேதுக் காவலும்: எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேதுபதிகளின் காவல் உரிமையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைத் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் பலர் விரும்பிப் படித்தோம். ஸ்காட்லாந்து எல்லைப்புறத்து ஷெரீப்பைப் போன்றவரே சேதுபதி என்று அதில் ஒரு வரி. இரு நாட்டிலும் இந்த உரிமையை ஒரே விதமாக ஒழித்தார்கள், ஷெரீப் பதவியே இன்று இல்லை என்றும் அது சொல்கிறது. பக்கத்தில், மார்பில் நட்சத்திரம் குத்தி இடுப்பில் துப்பாக்கி சொருகிய ஆள் படம். அந்த ஆள் அமெரிக்காவைச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்து ஷெரீப் நீதிபதி, இன்றைக்கும் நீதிபதிதான். படத்தைக்கூட விட்டுவிடலாம். ஒப்பீடு எந்த இடத்தில் பிடிக்கிறது, எந்த இடத்தில் நழுவுகிறது என்று கட்டுரை பார்க்கவில்லை. அதைத்தான் எழுதுகிறோம்.

ஸ்காட்லாந்தில் ஷெரீப் பதவி 12ஆம் நூற்றாண்டில், முதலாம் டேவிட் அரசர் காலத்தில் வேர்விட்டது. எல்லைப்புறத்தில் ராக்ஸ்பரோ, பெரிக் ஆகிய அரச கோட்டைகளே அதன் இருப்பிடம். ஒரே ஆளிடம் நான்கு வேலை. அரசருக்குச் சேரவேண்டிய வரியையும் அபராதத்தையும் தண்டுவது, வழக்கு விசாரிப்பது, அரச ஆணையை நிறைவேற்றுவது, போர் வந்தால் வட்டாரத்து ஆட்களைத் திரட்டிப் போவது. தண்டிய பணத்துக்கு அரசரின் கருவூலத்தில் கணக்கு ஒப்பிக்க வேண்டும். நில உரிமையாளர்கள் ஆண்டுக்கு மூன்று தலைமை அமர்வுகளுக்கு நேரில் வந்தாக வேண்டும், வராதவருக்கு அபராதம். நம் பேச்சில் சொன்னால் கலெக்டர், ஜில்லா ஜட்ஜ், படைத்தலைவர் மூவரும் ஒருவரே. அவருக்குக் கீழே பதிவேடு வைக்கும் ஷெரீப் கிளார்க், அதாவது சிரஸ்தார். சம்மன் சார்வு செய்து ஜப்தி நடத்தும் ஷெரீப் ஆபீசர், அதாவது அமீனா. இந்த மூன்று படியும் ஏறக்குறைய அப்படியே நூற்றாண்டுகள் கடந்து வந்திருக்கின்றன.

எல்லை என்பதால் வந்த சிக்கல் தனி. 1237 யார்க் உடன்படிக்கை ட்வீட் ஆற்றுக்கும் சோல்வே கழிக்கும் இடையே எல்லைக்கோட்டை ஒருவாறு உறுதிசெய்தது. அதற்குள் ஒரு நூற்றாண்டு, 1334இல் தெற்கு மாவட்டங்கள் இங்கிலாந்து அரசருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. அவர் தம் பங்குக்கு ஷெரீப்புகளை அமர்த்தினார். ஸ்காட்லாந்து அரசர் தம் பக்கத்தை விட்டுக் கொடுக்கவில்லை. குடியானவன் யாரிடம் வரி கட்டுவது?

1342இல் அலெக்சாண்டர் ராம்சே என்பவர் ராக்ஸ்பரோ கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து பிடித்தார். பரிசாக அரசர் அவரை டெவியட்டேல் வட்டாரத்துக்கு, அதாவது ராக்ஸ்பரோ மாவட்டத்துக்கு, ஷெரீப் ஆக்கினார். அந்தப் பதவி தனக்கு உரியது என்று இருந்தவர் வில்லியம் டக்ளஸ். ராம்சே ஹாவிக் ஊர்த் தேவாலயத்தில் நீதிமன்றம் நடத்திக்கொண்டிருந்தபோதே டக்ளஸ் ஆட்களோடு புகுந்து அவரைத் தூக்கிச் சென்றார். ஹெர்மிடேஜ் கோட்டையின் குழிச் சிறையில் தள்ளிப் பட்டினி போட்டே கொன்றார். மேல்தளத்துக் களஞ்சியத்திலிருந்து இடுக்கு வழியே சிந்திய தானியத்தைப் பொறுக்கித் தின்று ராம்சே சில நாள் உயிரோடு இருந்தார் என்பது அந்த வட்டாரத்துப் பேச்சு. அரசர் என்ன செய்தார்? டக்ளசை மன்னித்து அதே ஷெரீப் பதவியை அவருக்கே கொடுத்தார். எல்லையில் ஆள்பலம் உள்ளவரை விட்டால் அரசருக்கு வேறு கதி இல்லை. பதவி குடும்பச் சொத்தாக மாறியதன் அடிப்படைக் காரணம் இதுதான்.

மாறக்கூடாது என்று சட்டமும் போட்டுப் பார்த்தார்கள். இனி எந்தப் பதவியையும் பரம்பரையாகக் கொடுப்பதில்லை என்று 1455 நாடாளுமன்றம் தீர்மானித்தது. ஆனால் 1509இல் செல்கர்க் மாவட்ட ஷெரீப் பதவி மரே குடும்பத்துக்குப் பரம்பரையாகவே பட்டயம் செய்து தரப்பட்டது. ராக்ஸ்பரோவில் கேவர்ஸ் ஊர் டக்ளஸ் குடும்பம், மேற்கே விக்டன் மாவட்டத்தில் லாக்நா ஊர் அக்னியூ குடும்பம் என்று வரிசை நீண்டது. அக்னியூ என்றதும் நம் பக்கத்தில் காது நிமிரும். 1801இல் காளையார்கோவில் வரை படை நடத்திய கர்னலின் பெயரும் அதுவே. பெயர் ஒற்றுமையை வைத்து உறவு கட்டத் தேவையில்லை.

கோட்டையும் ஊரும் போனபிறகும் பதவி போகவில்லை என்பது எல்லைப்புற வரலாற்றின் விசித்திரம். 1460இல் ராக்ஸ்பரோ முற்றுகையில் பீரங்கி வெடித்து இரண்டாம் ஜேம்ஸ் அரசர் இறந்தார். கோட்டையைப் பிடித்ததும் ஸ்காட்டியரே அதை இடித்துப் போட்டார்கள். ஊரும் தேய்ந்து மறைந்தது. ராக்ஸ்பரோ ஷெரீப் ஜெட்பரோவில் உட்கார்ந்தார். 1482இல் பெரிக் நகரம் நிரந்தரமாக இங்கிலாந்தின் கைக்குப் போனது. பெரிக் மாவட்டம் மட்டும் ஸ்காட்லாந்தில் தங்கியது. அதன் ஷெரீப் நீதிமன்றம் கிரீன்லா, டன்ஸ் என்று சிற்றூர்களில் நடந்தது. தலைநகரம் அடுத்த நாட்டில்!

இப்போது ஒப்பீட்டுக்கு வருவோம். சேதுபதியின் காவலுக்கு நிகராக வைக்க வேண்டியவர் ஷெரீப் அல்லர். எல்லையில் வார்டன் என்று இன்னொருவர் இருந்தார், அவரே. எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் கிழக்கு, நடு, மேற்கு என மும்மூன்று பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்டன். 1249இல் இரு நாட்டிலிருந்தும் பன்னிரண்டு பன்னிரண்டு வீரர்கள் கூடி எல்லைச் சட்டத்தை வகுத்தார்கள். மாவட்டத்துக்குள் நடந்த திருட்டு ஷெரீப்பிடம் போகும். எல்லைக்கோட்டைத் தாண்டி நடந்த மாட்டுத் திருட்டு வார்டனிடம் போகும். இரண்டு வார்டன்களும் குறித்த நாளில் சந்திப்பார்கள். அன்று விடியலிலிருந்து மறுநாள் விடியல் வரை யார் மேலும் கை வைக்கக் கூடாது. ஸ்காட்டிய ஜூரி அறுவரை ஆங்கில வார்டனும், ஆங்கில ஜூரி அறுவரைச் ஸ்காட்டிய வார்டனும் பொறுக்குவார்கள். குற்றம் உறுதியானால் களவுப் பொருளின் மதிப்புப் போல மூன்று மடங்கு ஈடு. களவு நடந்த ஆறு நாளுக்குள் பறிகொடுத்தவரே வேட்டைநாயும் ஊதுகொம்புமாக எல்லைக்கோட்டைத் தாண்டித் துரத்தலாம். ஈட்டி முனையில் எரியும் புல்வேர் மண்கட்டியைக் குத்திக்கொண்டு போக வேண்டும். நான் ஒளிந்து வரவில்லை என்பதற்கு அது அடையாளம்.

நம் பக்கத்துக் காவல் முறை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஓர் ஊருக்கு ஸ்தலக்காவல், பல ஊர்களுக்குத் தேசக்காவல். களத்திலேயே காவல்காரருக்குப் பங்கு. களவு போனால் மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் கைப்பொருளில் ஈடுகட்ட வேண்டும். இதன் மறுபக்கம் துப்புக்கூலி. மாட்டை ஓட்டிக்கொண்டு போனவனுக்கும் துப்புச் சொல்பவனுக்கும் உறவு இருக்கும். கூலி கொடுத்தால் மாடு எங்கோ மேய்ந்துகொண்டிருப்பதாகத் தகவல் வரும். ஸ்காட்லாந்து எல்லையிலும் கொள்ளைக் குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புத் தண்டம் கட்டிய ஊர்கள் உண்டு. காவலுக்குக் கூலி களவிலிருந்தே பிறந்தால் களவு ஓயாது. இரண்டு கரையிலும் கெட்டது இதே இடத்தில்தான்.

காலமும் ஒத்துப் போகிறது. 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே அரசர் வந்ததும் வார்டன் பதவிக்கு வேலை இல்லாமல் போனது. 1605இல் ஐந்து ஆங்கிலேயர், ஐந்து ஸ்காட்டியர் கொண்ட கூட்டு ஆணையம் அமைந்தது. முதலில் தூக்கு, பிறகு விசாரணை என்று ஜெட்பரோவுக்குக் கெட்ட பெயர் வந்தது இந்தக் காலத்தில். அதே 1605இல்தான் இராமேசுவர யாத்திரிகரைக் கள்வர் பயமின்றிக் கொண்டுசேர்க்க மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் சடைக்கத் தேவரைச் சேதுபதியாக அமர்த்தினார் என்பது மரபு. அங்கே காவல் பதவி முடிந்த ஓரிரு ஆண்டில் இங்கே காவல் பதவி உறுதியானது.

வார்டன் போனார், பரம்பரை ஷெரீப் இருந்தார். அவருடைய நீதிமன்றம் எப்படிக் கெட்டது என்பதைச் சொல்லாமல், 1747இல் பரம்பரை உரிமையை ஒழித்த சட்டத்தைப் புரிந்துகொள்ள முடியாது. முதல் கோளாறு, அபராதத்தில் அவருக்குப் பங்கு. இரண்டாவது, வழக்கில் ஒரு பக்கம் பெரும்பாலும் அவருடைய குத்தகைக்காரரோ உறவினரோ. மூன்றாவது, உட்கார்ந்து விசாரித்தவர் அவர் அமர்த்திய துணையாள். சட்டம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. நான்காவதுதான் பெரிது. மாவட்டத்துக்குள்ளேயே ஷெரீப் கால் வைக்க முடியாத நிலப்பகுதிகள் இருந்தன. மெல்ரோஸ், கெல்சோ மடங்களின் நிலங்கள் அப்படிப்பட்டவை. அந்த நிலத்து ஆள் ஷெரீப் முன் நிறுத்தப்பட்டால், நிலத்தின் அதிபதி வந்து, இவன் என் ஆள், என்னிடம் விடுங்கள் என்று கேட்கலாம். கேட்டால் விட்டே ஆக வேண்டும். ஓராண்டும் ஒரு நாளும் ஆவதற்குள் நான் நீதி வழங்குவேன் என்று அவர் ஜாமீன் ஆள் ஒருவரை நிறுத்த வேண்டும். நீதி வழங்காவிட்டால் ஜாமீன் பறிமுதல். திருடனுக்கு ஓராண்டு கிடைத்துவிடும். மாட்டுக்காரனுக்கு மாடு கிடைக்காது.

பழைய ஸ்டூவர்ட் அரச குடும்பத்தை மீண்டும் அரியணை ஏற்ற நடந்த 1745 கிளர்ச்சிக்குப் பிறகு லண்டன் அரசு இதற்கு ஒரு முடிவு கட்டியது. பரம்பரை நீதி உரிமைகளை ஒழிக்கும் சட்டம் 1747இல் நிறைவேறி, 1748 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. உரிமையைச் சும்மா பிடுங்க முடியவில்லை. இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் ஒன்றாக்கிய 1707 இணைப்பு உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு இந்தப் பதவிகளைச் சொத்து என்று ஏற்றுக் காப்பாற்றியிருந்தது. சொத்தென்றால் கிரயம் கொடுக்க வேண்டும். உரிமை உள்ளவர்கள் எடின்பரோ உச்ச நீதிமன்றத்தில் பட்டயத்தோடு மனுக் கொடுத்தார்கள். நீதிமன்றம் ஒவ்வொன்றுக்கும் விலை மதித்தது. கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மொத்தம் கொடுத்தது சுமார் 1,52,000 பவுன். ஆர்கைல் பிரபுவுக்கு 21,000. விக்டன் அக்னியூவுக்கு 4,000. கிளர்ச்சிக்காரர்களை ஒடுக்கப் போட்ட சட்டத்தில், அரசர் பக்கம் நின்று போரிட்ட ஆண்ட்ரூ அக்னியூவும் பதவி இழந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இது தனிப்பட்ட தண்டனை அன்று, முறை மாற்றம். சின்னச் சின்ன நில நீதிமன்றங்களை முழுதும் மூடவில்லை. 40 ஷில்லிங் வரை சிவில் வழக்கு, 20 ஷில்லிங் வரை அபராதம் என்று வேலி போட்டு விட்டுவைத்தார்கள்.

காலியான நாற்காலியில் யாரை உட்கார வைத்தார்கள் என்பது கிரயத்தைவிட முக்கியம். ஷெரீப் டெப்யூட் என்ற பெயரில், குறைந்தது மூன்று ஆண்டு வழக்கறிஞர் தொழில் செய்தவர். சம்பளம் அரசுடையது, அபராதத்தில் பங்கு கிடையாது. ஆண்டுக்கு நான்கு மாதம் மாவட்டத்திலேயே குடியிருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை மீறாதவர் குறைவு. 1799 டிசம்பரில் செல்கர்க் ஷெரீப்பாக வந்தவர் எழுத்தாளர் வால்டர் ஸ்காட். ஆண்டுச் சம்பளம் 300 பவுன். எடின்பரோ பக்கத்திலேயே அவர் தங்கிவிட்டதால், மாவட்டத்தில் அரசரின் பிரதிநிதியான லார்டு லெப்டினன்ட் நேப்பியர் பிரபு நான்கு மாத விதியை நினைவூட்டி விரட்டினார். 1804இல் ஸ்காட் ட்வீட் கரையில் ஆஷஸ்டீல் வீட்டைக் குத்தகைக்கு எடுத்துக் குடிவந்தார். 1832இல் இறக்கும் வரை அவரே ஷெரீப். அன்றாட வழக்குகளை உள்ளூரில் இருந்த துணை ஷெரீப்தான் பார்த்தார். அந்தத் துணை ஷெரீப்பை நியமிக்கும் அதிகாரம் 1877 வரை ஷெரீப் கையில் இருந்தது. பிறகுதான் அரசு எடுத்துக்கொண்டது. ஆகவே 1747 எல்லாவற்றையும் ஒரே நாளில் சரிசெய்தது என்று நினைத்துவிடக் கூடாது.

ஷெரீப் செய்த ஒரு வேலை, விளைச்சலில் பங்கு அளக்கும் நம் வாரப் பிரதேசத்துக்கு மிகவும் நெருக்கமானது. அதைப் பற்றித் தமிழில் யாரும் பேசிக் கேட்டதில்லை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறோம். தானியமாகக் கட்ட வேண்டிய குத்தகையையும் பாதிரியாரின் ஊதியத்தையும் பணமாக மாற்ற அந்த ஆண்டு விலை என்ன? அதை மாவட்டந்தோறும் ஷெரீப் நீதிமன்றம் தீர்மானித்தது. 1723 விதிப்படி, பிப்ரவரி 4க்கும் 20க்கும் இடையில் ஷெரீப் 15 பேர் ஜூரியைக் கூட்ட வேண்டும். அதில் 8 பேராவது நில உரிமையாளர். தானிய வியாபாரிகளையும் விற்றவர்களையும் வாங்கியவர்களையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும். அந்த மாவட்டத்தில் விளைந்த தானியம், அதிலும் நவம்பர் 1க்குப் பிறகு நடந்த விற்பனை, இவற்றின் விலையைத்தான் கேட்க வேண்டும். ஓட்ஸ், பார்லி, கோதுமை, பட்டாணி ஒவ்வொன்றுக்கும் ஜூரி ஒரு விலை சொல்லும். மார்ச் 1க்குள் ஷெரீப் தீர்ப்பாக்கிப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

8 பேர் நில உரிமையாளர் என்பதில் சூட்சுமம் உண்டு. பாதிரியாருக்குக் கொடுக்க வேண்டியவர் அவர். விலை குறைந்தால் அவருக்கு லாபம். குத்தகைக்காரரிடம் வாங்க வேண்டியவரும் அவரே. விலை கூடினால் லாபம். இரு பக்கமும் இழுப்பதால் ஓரளவு நடுவில் நின்றது. நடுவில் நிற்காத இடங்கள் வேறு. பெரிய வியாபாரி மட்டுமே சாட்சிக்கு வந்தால் சிறு உழவன் விற்ற மலிவு விலை கணக்கில் சேராது. வண்டிக்கூலி சேர்ந்த துறைமுக விலையைச் சொன்னால் களத்து விலை உயர்ந்துவிடும். நல்ல தானியம், நடுத்தரம், மட்டம் என்று சில மாவட்டங்கள் இரண்டு மூன்று விலை போட்டன. எந்த விலை எந்தக் குத்தகைக்கு என்று பத்திரத்தில் எழுதாதவர்கள் வழக்காடினார்கள். எல்லாவற்றுக்கும் மேல் அளவைக் குழப்பம். பர்லாட், ‘போல்’ இரண்டும் தானிய முகத்தலளவைகள், நான்கு பர்லாட் சேர்ந்தால் ஒரு ‘போல்’. ஆனால் 1618 அளவைப்படி கோதுமை பர்லாட்டுக்கு 21¼ ஸ்காட்டியப் பைன்ட், பார்லி பர்லாட்டுக்கு 31. மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபாடு தனி. ஊருக்கு ஒரு மரக்கால் வைத்துக்கொண்டு மேல்வாரம் அளந்த நம் பெரியவர்கள் இதைக் கேட்டால் சிரித்திருப்பார்கள். 1824 அளவைச் சட்டம் வந்தபிறகு, பழைய அளவுக்கும் புதிய அளவுக்கும் கணக்கை மறுபடி ஜூரி வைத்து ஷெரீப்பே தீர்க்க வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தில் 1908 எஸ்டேட் நிலச் சட்டம் தானிய வாரத்தைப் பணமாக்க, பஞ்ச ஆண்டுகளை ஒதுக்கி முந்தைய பத்தாண்டு சராசரியைப் பார்க்கச் சொன்னது. அதில் அதிகாரி இருந்தார். சாட்சி சொல்ல வந்த வியாபாரியும் ஊர் ஜூரியும் இல்லை. எங்களுக்கு ஸ்காட்டிய முறை மேலாகத் தெரிகிறது, ஜூரியில் குடியானவனுக்கு இடமில்லாத குறை இருந்தபோதும்.

நம் பக்கத்து முடிவுக்கு வருவோம். 1795இல் முத்துராமலிங்க சேதுபதி பதவி நீக்கப்பட்டார். 1801 டிசம்பர் 1ஆம் தேதி அறிவிப்பில் தென்பாண்டிச் சீமை முழுதும் ஆயுதம் பறிக்கப்பட்டது. 1803இல் மங்களேசுவரி நாச்சியாருக்கு ஜமீன் சனது, அதாவது உரிமைப் பட்டயம். நிலத்தின் உரிமை உறுதியானது. காவலின் உரிமை போனது. அந்தக் காவலைத் தனிச் சொத்தாக மதித்து, மனு வாங்கி, விலை கட்டி வாங்கும் ஏற்பாடு 1747இல் செய்தது போல் இங்கே செய்யவில்லை. ஊர்த் தலைவருக்குப் போலீஸ் வேலையும், 10 ரூபாய் வரை வழக்குத் தீர்க்கும் முன்சீப் அதிகாரமும் 1816இல் வந்தன. அதற்குள் காவல்காரர் பழைய ஊர்களிடமே பழைய பங்கைத் தனியாகக் கேட்டு வாங்கப் பழகிவிட்டார். 19ஆம் நூற்றாண்டின் கடைசி வரை அது நீடித்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்ற கொடுமைக்கும் அது சாக்கானது. கட்டுரை சொல்வது போல் இரு நாட்டிலும் ஒரே விதமாக ஒழித்தார்கள் என்பது சரியன்று. நம் மண்ணில் உரிமைக்கு விலை மதித்து வாங்கியது 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம்தான். அதில் ஆண்டு வருமானம் சிறிதாக இருந்தால் 30 மடங்கு, லட்சம் ரூபாயைத் தாண்டினால் 12½ மடங்கு என்று படிப்படியாக இறங்கும் கணக்கு இருந்தது. இராமநாதபுரம் ஜமீன் 1949இல் அரசு வசமானது.

இன்றைய நிலை குறித்தும் கட்டுரையில் ஒரு திருத்தம். பதவி ஒழியவில்லை. 1975 முதல் ஸ்காட்லாந்து ஆறு ஷெரீப் வட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. எல்லைப்புறம் லோதியன் அண்ட் பார்டர்ஸ் வட்டத்தில் அடங்கும். டன்ஸ், பீபிள்ஸ் ஊர் நீதிமன்றங்கள் 2015இல் மூடப்பட்டன. ஜெட்பரோவும் செல்கர்க்கும் நடக்கின்றன. ஜூரி வழக்கில் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஒரு லட்சம் பவுன் வரையான சிவில் வழக்கு ஷெரீப்பிடம்தான் போக வேண்டும்.

கடற்கரைக்காரர்களுக்கு இதில் இன்னொரு செய்தி உண்டு. 1881 அக்டோபர் 14 புயலில் ஸ்காட்லாந்தின் தென்கிழக்குக் கரையில் 189 மீனவர்கள் மாண்டார்கள். 129 பேர் பெரிக் மாவட்டத்து ஐமத் என்ற ஒரே ஊர். வேலையில் நேரும் சாவை ஷெரீப் பகிரங்கமாக விசாரிக்கும் சட்டம் 1895இல் வந்தது. இன்றும் மீன்பிடி படகில் நேரும் சாவு அவர் முன் வருகிறது. யார் குற்றவாளி என்று அவர் சொல்வதில்லை. எங்கே, எப்போது, எதனால் இறந்தார், எந்த முன்னெச்சரிக்கை எடுத்திருந்தால் தப்பியிருக்கலாம், வேலை முறையில் என்ன கோளாறு என்று எழுதி வெளியிடுவார். பாம்பனிலும் மண்டபத்திலும் படகோடு போய்த் திரும்பாதவரின் குடும்பம், இழப்பீட்டு மனுவோடு ஒட்ட ஓர் அதிகாரத் தாளுக்காக அலைவதை அறிந்தவர்கள் இந்தப் பகுதியை ஒரு தடவை கூடுதலாகப் படிக்கலாம்.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால் இரண்டு யோசனை. எல்லைப்புற ஷெரீப் நீதிமன்றப் பதிவேடுகள் எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தில், நீதிமன்றம் வாரியாக எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன. தானிய விலைத் தீர்ப்புகளைத் தனியாகக் கேட்க வேண்டும். நம் பக்கத்துக் காவல் வருமானக் கணக்கை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடும்போது, இராமநாதபுரம் மாவட்டம் 1910இல்தான் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். அதற்கு முந்தியவற்றை மதுரை, திருநெல்வேலி மாவட்டத் தொகுதிகளில்தான் தேட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றப் பணியாளர்களும் வரலாற்று ஆசிரியர்களும்,
தேவிபட்டினம், தொண்டி.